வெளிநாட்டில் பொறியியல் மேற்படிப்பு: நெல்லைச் சீமை மாணவர்கள் தாமே விண்ணப்பிக்கும் முறை

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் பொறியியல் படிக்கும் மாணவர்களில் பலர் தங்கள் வீட்டின் முதல் பட்டதாரிகள். வெளிநாட்டில் மேற்படிப்பு என்ற பேச்சு எழுந்ததும், வண்ணார்பேட்டையிலோ மதுரையிலோ உள்ள ஒரு கன்சல்டன்சியின் படியேறுவதுதான் முதல் வேலை என்று குடும்பமே முடிவு செய்துவிடுகிறது. உண்மையில் விண்ணப்பம் என்பது பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் நேரடியாக நிரப்பும் ஒரு படிவம், மதிப்பெண் சான்றுகள், ஆங்கிலத் தேர்வு மதிப்பெண், நோக்கக் கட்டுரை ஒன்று, பரிந்துரைக் கடிதங்கள் இரண்டு அல்லது மூன்று ஆகியவற்றின் தொகுப்பே. பாளையங்கோட்டையிலோ அம்பாசமுத்திரத்திலோ உள்ள தம் வீட்டிலிருந்தபடியே ஒரு மாணவர் இவை அனைத்தையும் தாமே செய்து முடிக்கலாம். அதற்குப் போதிய கால அவகாசம் வேண்டும், சான்றிதழ்களில் ஒழுங்கு வேண்டும். இந்த இரண்டும் இல்லாததால்தான் நல்ல மதிப்பெண் உள்ளவர்கள்கூட ஓர் ஆண்டை இழக்கிறார்கள்.

எப்போது தொடங்க வேண்டும்

அமெரிக்காவில் ஃபால் எனப்படும் முதன்மைச் சேர்க்கை ஆகஸ்ட் இறுதியில் தொடங்குகிறது. அதற்கான கடைசித் தேதி, குறிப்பாக உதவித்தொகையோடு இடம் கேட்பவர்களுக்கு, பெரும்பாலும் முந்தைய டிசம்பரிலோ ஜனவரியிலோ முடிந்துவிடும். ஜெர்மனியில் விண்டர் செமஸ்டர் அக்டோபரில் தொடங்குகிறது. அங்கே ஜூலை 15 என்ற தேதியைப் பரவலாகக் காண்பீர்கள். ஆனால் ஆங்கிலவழி முதுகலைப் படிப்புகளில் பல, வெளிநாட்டு மாணவர்களுக்கான வாசலை மார்ச் முதல் மே மாதத்துக்குள்ளேயே மூடிவிடுகின்றன. ஆகவே படிப்பு முடிந்த ஆண்டிலேயே வெளிநாடு செல்ல நினைப்பவர், ஆறாவது செமஸ்டர் தேர்வு முடிந்த கையோடு வேலையைத் தொடங்க வேண்டும். எட்டாவது செமஸ்டரில் தொடங்குபவர் அந்த ஆண்டை விட்டுவிட்டு அடுத்த ஆண்டுக்குத் திட்டமிடுவதே நல்லது. இடையில் கிடைக்கும் ஓராண்டில் துறை சார்ந்த வேலையொன்றில் சேர்ந்தால் விண்ணப்பமும் வலுப்படும்.

பெயர்: எல்லாச் சான்றிலும் ஒரே எழுத்து

நம் பக்கத்து மாணவர்களுக்கு மட்டும் கூடுதலாக வரும் சிக்கல் இது என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இசக்கிமுத்து, சுடலைமுத்து, பேச்சியம்மாள் போன்ற பெயர்களை ஆங்கிலத்தில் எழுத ஒரே முறை கிடையாது. இசக்கிமுத்துவைப் பத்தாம் வகுப்புச் சான்றில் 'ஈ' என்ற ஆங்கில எழுத்திலும், ஆதாரில் 'ஐ' என்ற எழுத்திலும் தொடங்கி எழுதியிருப்பார்கள். சுடலைமுத்து ஒரு சான்றில் ஒரே சொல்லாகவும் இன்னொன்றில் இடைவெளி விட்டு இரண்டு சொல்லாகவும் இருக்கும். இதற்கு மேல் தலைப்பெழுத்து வேறு. மதிப்பெண் பட்டியலில் பெயருக்குப் பின்னால் வெறும் 'எஸ்' என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் அந்த 'எஸ்' விரிந்து அப்பாவின் முழுப்பெயராகக் குடும்பப் பெயர் என்ற இடத்தில் வந்து உட்காரும். வெளிநாட்டு அலுவலரின் பார்வையில் இவை இரண்டு வெவ்வேறு மனிதர்களின் பெயர்கள்.

மூன்றாம் ஆண்டிலேயே பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, கல்லூரி மதிப்பெண் பட்டியல்கள், ஆதார், பாஸ்போர்ட் ஆகியவற்றை ஒரே மேசையில் பரப்பி வைத்து, பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி ஆகிய மூன்றையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பாஸ்போர்ட் இன்னும் எடுக்கவில்லையென்றால், பத்தாம் வகுப்புச் சான்றிலுள்ள எழுத்துக்கூட்டலையே பின்பற்றி, தலைப்பெழுத்தை விரித்துக் குடும்பப் பெயராகக் கொடுத்துவிடுங்கள். குடும்பப் பெயர் இடத்தை வெறுமையாக விட்டால் பின்னால் தொல்லை வரும்: அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயராக மாறி, முதல் பெயர் தெரியவில்லை என்பதைக் குறிக்கும் 'எஃப்என்யு' என்ற மூன்றெழுத்து உங்கள் முதல் பெயரின் இடத்தில் அச்சாகும். அங்கே வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம் என ஒவ்வோர் இடத்திலும் இதை விளக்கிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.

பிழை ஏற்கெனவே இருக்குமானால் பள்ளிச் சான்றைத் திருத்துவதைவிடப் பாஸ்போர்ட்டைத் திருத்தி மறுவெளியீடு பெறுவது பெரும்பாலும் எளிது. திருநெல்வேலியிலேயே பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது. தலைப்பெழுத்து விரிவு மட்டுமே வேறுபாடு என்றால், இரண்டு பெயரும் ஒரே நபரைக் குறிப்பவை என்று நோட்டரி முன்னிலையில் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதி, அதை எல்லா விண்ணப்பங்களோடும் இணைப்பது வழக்கத்தில் உள்ள வழி. எந்தத் தேர்வுக்குப் பதிவு செய்தாலும், எந்தப் படிவத்தை நிரப்பினாலும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரையே எழுதுங்கள்.

நாட்டையும் படிப்பையும் தேர்ந்தெடுத்தல்

உலகத் தரவரிசைப் பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டு போவதால் பயன் குறைவு. முதலில் வீட்டின் பண நிலையைத் திறந்து பேசிவிட்டு, பிறகு நாட்டைத் தேர்ந்தெடுங்கள். அடமானம் வைக்க வீடோ மனையோ இல்லாத குடும்பத்து மாணவர், கட்டணம் குறைந்த வழிகளையும் உதவித்தொகை உள்ள வழிகளையும் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அப்படிப்பட்ட வழிகள் மூன்று இருக்கின்றன.

முதலாவது, ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள். இவற்றில் பெரும்பாலானவை படிப்புக் கட்டணம் வாங்குவதில்லை, செமஸ்டர் பங்களிப்பாகச் சில நூறு யூரோ மட்டுமே வாங்குகின்றன. விதிவிலக்குகள் உண்டு. ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ ஆகிய நகரங்கள் இருக்கும் பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலம், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024-25 விண்டர் செமஸ்டர் முதல் முதுகலை மாணவர்களுக்கு, படிப்பைப் பொறுத்து, செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை கட்டணம் விதித்திருக்கிறது. பழைய தகவலை நம்பி "ஜெர்மனி என்றால் இலவசம்" என்று கடிவாளம் போட்டுக்கொண்டு போகக் கூடாது.

இரண்டாவது, எராஸ்மஸ் முண்டுஸ் கூட்டு முதுகலைப் படிப்புகள். இரண்டு அல்லது மூன்று ஐரோப்பிய நாடுகளில் மாறி மாறிப் படிக்கும் இப்படிப்புகளில் உதவித்தொகை பெறுபவருக்குக் கல்விக் கட்டணம் இல்லை, அதிகபட்சம் 24 மாதம் வரை மாதம் 1,400 யூரோவும் கிடைக்கும். போட்டி கடுமை என்றாலும் விண்ணப்பிப்பதற்குச் செலவு மிகக் குறைவு என்பதால், தகுதியுள்ள யாரும் இதை விட்டுவிடக் கூடாது.

மூன்றாவது வழியைப் பற்றி நம் கல்லூரிகளில் பேசுவோர் குறைவு. அமெரிக்காவில் பி.இ. முடித்தவர் முதுகலை இல்லாமலேயே நேரடியாகப் பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம். பொறியியல் துறைகளில் முனைவர் பட்ட மாணவர்களுக்குப் பெரும்பாலும் கல்விக் கட்டணம் தள்ளுபடியாகி, ஆய்வு உதவியாளர் அல்லது கற்பித்தல் உதவியாளர் பணிக்கான மாத ஊதியமும் கிடைக்கிறது. ஐந்தாண்டு ஆராய்ச்சியில் உண்மையான ஈடுபாடு இருப்பவருக்கு, சொந்தச் செலவில் எம்.எஸ். படிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

நாடு முடிவானதும் ஒவ்வொரு படிப்பின் பக்கத்தையும் வரி விடாமல் படியுங்கள். ஜெர்மனிக்கு, அந்நாட்டின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD) நடத்தும் இணையதளத்தில் ஆங்கிலவழிப் படிப்புகளின் பட்டியல் இலவசமாகக் கிடைக்கிறது. அமெரிக்காவுக்கு, சென்னையில் இயங்கும் அமெரிக்க-இந்தியக் கல்வி அறக்கட்டளையின் எஜுகேஷன்-யுஎஸ்ஏ மையம் வழிகாட்டுகிறது. கமிஷனுக்காக எந்தப் பல்கலைக்கழகத்தையும் நம் தலையில் கட்ட வேண்டிய நிலையில் இவ்விரண்டும் இல்லை. மாறாக, "எங்களுக்கு நீங்கள் பைசா தர வேண்டாம்" என்று சொல்லும் முகவருக்குப் பணம் தருவது பெரும்பாலும் பல்கலைக்கழகமே. ஆகவே அவர் காட்டும் பட்டியலில் அவருக்குக் கமிஷன் தரும் நிறுவனங்களே நிறைந்திருக்கும். அப்படியும் முகவரை நாடுவதாக இருந்தால், விண்ணப்பத்துக்கான மின்னஞ்சல் முகவரியும் கடவுச்சொல்லும் உங்கள் கையில்தான் இருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

உங்கள் சி.ஜி.பி.ஏ.யை ஜெர்மானியர் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதையும் முன்கூட்டியே கணக்கிடலாம். அதிகபட்சப் புள்ளியிலிருந்து உங்கள் புள்ளியைக் கழித்து, அதை அதிகபட்சத்துக்கும் தேர்ச்சிக்கான குறைந்தபட்சத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். அதிகபட்சம் 10, தேர்ச்சி 5 என்று கொண்டால் 8.0 வைத்திருப்பவருக்கு 2.2 வரும், 7.5 வைத்திருப்பவருக்கு 2.5 வரும். அங்கே 1.0 என்பதே மிகச் சிறந்த மதிப்பெண், 4.0 என்பது தேர்ச்சியின் விளிம்பு. 2.5-க்கு மேற்போகக் கூடாது என்று நிபந்தனை விதிக்கும் படிப்புகள் பல இருப்பதால், 7.5-க்குக் கீழே இருப்பவர் அந்த நிபந்தனை இல்லாதவற்றைத் தேடிப் பிடிக்க வேண்டும். மேலும் ஜெர்மானியப் பல்கலைக்கழகங்கள் கணிதத்தில் இத்தனை, இயந்திரவியலில் இத்தனை என்று பாடவாரியாகக் கிரெடிட் கேட்கின்றன. அதனால் உங்கள் ரெகுலேஷனுக்கு உரிய முழுப் பாடத்திட்டத்தையும் பதிவிறக்கி வைத்து, எந்தப் பாடம் எந்தத் தேவையை நிறைவு செய்கிறது என்று ஓர் அட்டவணை தயாரித்துக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு இளநிலைப் படிப்புக்கே வெளிநாடு செல்ல விரும்புவோருக்கு ஒரு குறிப்பு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் 9 முதல் 12 வரையான நான்கு ஆண்டு மதிப்பெண்களைக் கேட்கும் என்பதால் ஒன்பதாம் வகுப்பு ரேங்க் கார்டையும் எடுத்து வையுங்கள். ஜெர்மனியைப் பொறுத்தவரை நமது பிளஸ் டூ மட்டும் நேரடிச் சேர்க்கைக்குப் போதாது. ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்ச்சியோ, இந்தியப் பல்கலைக்கழகத்தில் ஓராண்டு வெற்றிகரமான படிப்போ, அல்லது அங்கேயே ஸ்டூடியன்கொலெக் எனப்படும் ஆயத்தப் படிப்போ வேண்டும். பெரும்பாலான நெல்லை மாணவர்களுக்கு இங்கே பி.இ. முடித்துவிட்டு முதுகலைக்குச் செல்வதே செலவும் அலைச்சலும் குறைந்த வழி.

மதிப்பெண் சான்றுகளும் டிரான்ஸ்கிரிப்ட்டும்

அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரியில் படிப்பவர்கள் கிண்டியிலுள்ள தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்திடமிருந்தும், தன்னாட்சிக் கல்லூரியில் படிப்பவர்கள் தங்கள் கல்லூரியின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடமிருந்தும் டிரான்ஸ்கிரிப்ட், அதாவது எல்லாச் செமஸ்டர் மதிப்பெண்களையும் தொகுத்துத் தரும் ஆவணம், பெற வேண்டும். முத்திரையிட்ட உறைகளை ஒன்றிரண்டு கூடுதலாகவே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் தரப்புள்ளி விளக்கத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்ய வேண்டும், அதை விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர். கேட்டாலொழிய உங்கள் சி.ஜி.பி.ஏ.யை நான்கு புள்ளிக் கணக்குக்கு நீங்களே மாற்றி எழுத வேண்டாம். அரியர் இருந்ததை மறைக்கவும் வேண்டாம், டிரான்ஸ்கிரிப்ட்டில் அது எப்படியும் தெரியும்.

பாலிடெக்னிக் முடித்து லேட்டரல் என்ட்ரியில் இரண்டாம் ஆண்டு சேர்ந்தவர்களிடம் ஆறு செமஸ்டர் பட்டியல்கள்தாம் இருக்கும். நான்காண்டுப் பட்டத்தில் ஓராண்டு காணவில்லை என்று அயல்நாட்டு அலுவலர் நினைக்காதபடி, டிப்ளமோ மதிப்பெண் பட்டியல்களையும் சேர்த்து அனுப்பி, சேர்க்கை முறையை விளக்கும் ஒரு கடிதத்தைக் கல்லூரி முதல்வரிடம் வாங்கி இணைக்க வேண்டும்.

ஜெர்மனிக்குச் செல்லும் இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பர் முதல் ஏ.பி.எஸ். சான்று கட்டாயமாகியிருக்கிறது. டெல்லியிலுள்ள ஜெர்மன் தூதரகத்தைச் சார்ந்த இந்த அமைப்பு நம் கல்விச் சான்றுகளின் உண்மைத்தன்மையைச் சரிபார்த்துச் சான்று அளிக்கிறது. இதற்கான கட்டணம் 18,000 ரூபாய். பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்தோடும், விசா அலுவலகம் விசா மனுவோடும் இதைக் கேட்பதால், ஜெர்மனி என்று முடிவு செய்தவர் முதலில் செய்ய வேண்டிய செலவு இதுவே. பல பல்கலைக்கழகங்களின் விண்ணப்பங்களை யூனி-அசிஸ்ட் என்ற பொது அமைப்பு பெறுகிறது. ஒரு பருவத்தில் அங்கே முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்தடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ.

தேர்வுகள்

ஆங்கிலத் தேர்வுகளான ஐஇஎல்டிஎஸ், டோஃபல் ஆகியவற்றின் மதிப்பெண்கள் இரண்டு ஆண்டும், மேற்படிப்புக்கான பொதுத் திறன் தேர்வான ஜி.ஆர்.இ.யின் மதிப்பெண் ஐந்து ஆண்டும் செல்லும். 2023 செப்டம்பர் முதல் ஜி.ஆர்.இ. தேர்வு இரண்டு மணி நேரத்துக்குள் அடங்கும்படி சுருக்கப்பட்டுள்ளது, பொறியியல் துறைகளில் பலவும் அதைக் கட்டாயமாகக் கேட்பதை நிறுத்திவிட்டன. ஆகவே உங்கள் பட்டியலிலுள்ள துறைகள் கேட்கின்றனவா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். தேர்வன்று நான்கு பல்கலைக்கழகங்களுக்கு மதிப்பெண்ணை இலவசமாக அனுப்பலாம் என்பதால், தேர்வுக்கு முன்பே அந்த நான்கையும் முடிவு செய்துவிடுவது சிக்கனம். தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்குப் பெரும்பாலும் எழுத்தைவிடப் பேச்சே தடுமாற்றம் தரும். தினமும் அரை மணி நேரம் நண்பர் ஒருவரோடு தத்தம் ப்ராஜெக்டைப் பற்றி ஆங்கிலத்தில் பேசிப் பழகுவது, எந்தப் பயிற்சி வகுப்பையும்விட இதற்குக் கைகொடுக்கும்.

நோக்கக் கட்டுரை

எஸ்.ஓ.பி. என்று எல்லாரும் சொல்லும் இந்தக் கட்டுரைதான் விண்ணப்பத்தில் உங்கள் குரல் கேட்கும் ஒரே இடம். மதிப்பெண்ணை இனி மாற்ற முடியாது, கல்லூரியின் பெயரையும் மாற்ற முடியாது. ஆனால் இதை எப்படி எழுதுவது என்பது முழுக்க முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. அப்படியிருந்தும் மாணவர்கள் இதைத்தான் சில ஆயிரம் ரூபாய் கொடுத்து யாரிடமோ எழுதி வாங்குகிறார்கள்.

நான் பார்க்க நேரும் முதல் வரைவுகளில் பெரும்பாலானவை, "சிறு வயது முதலே இயந்திரங்களின் மீது எனக்குத் தீராத ஆர்வம் இருந்தது" என்றுதான் தொடங்கும். அடுத்த பத்தியில் பெரிய விஞ்ஞானி ஒருவரின் பொன்மொழி வரும். அதற்கடுத்து, கல்லூரி ஆண்டுவிழாவில் வாங்கிய பரிசு. சேர்க்கைக் குழுவிலுள்ள பேராசிரியர் இதே வரிகளை அன்றைய காலையிலேயே பலமுறை படித்திருப்பார்.

அதற்குப் பதிலாக, நீங்கள் உங்கள் கையால் செய்த ஒரு வேலையிலிருந்து தொடங்குங்கள். வள்ளியூர்ப் பக்கத்து மாணவர் ஒருவரின் கட்டுரையை உதாரணமாகச் சொல்லலாம். அவருடைய இறுதியாண்டு ப்ராஜெக்ட் காற்றாலை கியர்பாக்ஸின் பேரிங் பழுதை அதிர்வுத் தரவிலிருந்து முன்கூட்டியே கண்டறிவது. முதல் வரைவில் அது ஒரே வரியில் முடிந்திருந்தது. பேசப் பேசத்தான் செய்தி வெளியே வந்தது: காற்று மந்தமாக இருந்த மாதங்களில் சரியாக வேலை செய்த அவர்களுடைய முறை, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆடிக் காற்று வீசத் தொடங்கியதும் நல்ல பேரிங்கையும் பழுது என்று காட்டியிருக்கிறது. சுழல்வேகம் மாறிக்கொண்டே இருக்கும்போது அதிர்வின் அலைவெண்ணும் கூடவே நகர்கிறது என்பதை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. அதைச் சரிசெய்ய வேண்டுமானால் தாம் இன்னும் படிக்காத சிக்னல் பிராசசிங் பாடங்கள் தேவை என்று அவருக்கு அப்போது புரிந்திருக்கிறது. அவருடைய நோக்கக் கட்டுரையே அதுதான். எதைச் செய்தார், எங்கே முட்டியது, அதைத் தாண்ட எந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தப் பாடமும் எந்த ஆய்வகமும் தமக்கு வேண்டும் என்ற மூன்றும் அதில் இயல்பாகவே அமைந்துவிட்டன. சிறுவயது ஆர்வத்தை அவர் தனியே சொல்ல வேண்டியிருக்கவில்லை.

உங்கள் ஊரைச் சுற்றி இத்தகைய பொருள் ஏராளமாக இருக்கிறது. காற்றாலைகள், கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரியிலுள்ள இஸ்ரோ உந்துவிசை வளாகம், தாழையூத்துச் சிமெண்ட் ஆலை, பாபநாசம் நீர்மின் நிலையம், கங்கைகொண்டான் சிப்காட் என்று எதையாவது நீங்கள் பார்வையாளராகவாவது பார்த்திருப்பீர்கள். ஆனால் இன்ப்ளான்ட் டிரெய்னிங் சான்றிதழ் ஒன்றை வாங்கி வைத்திருப்பதால் மட்டும் அதைப் பெரிதாக எழுதக் கூடாது. அங்கே நீங்கள் எதை அளந்தீர்கள், எதைப் புரிந்துகொண்டீர்கள் என்று ஒரு பத்தி எழுத முடிந்தால் மட்டும் எழுதுங்கள். வீட்டில் அம்மா பீடி சுற்றிப் படிக்கவைத்ததை எழுதலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். உங்கள் படிப்பின் போக்கை அது மாற்றியிருந்தால், உதாரணமாக மாலையில் வேலைக்குப் போனதால் ஒரு செமஸ்டரில் மதிப்பெண் குறைந்திருந்தால், இரண்டு வரியில் நேராக எழுதலாம். இரக்கத்தைக் கோரும் தொனி வேண்டாம்.

மற்றவர் கட்டுரையைப் பார்த்து எழுதுவதும், மென்பொருளிடம் முழுவதையும் எழுதச் சொல்வதும் ஆபத்து. பிரிட்டனின் இளநிலைச் சேர்க்கை அமைப்பான யூகாஸ், வரும் கட்டுரைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு ஒற்றுமையைக் கண்டுபிடிக்கும் ஏற்பாட்டை நெடுங்காலமாகவே வைத்திருக்கிறது. முதலில் தமிழிலேயே நடந்ததை எழுதி முடித்துவிட்டு, பிறகு எளிய ஆங்கிலத்தில் மாற்றி எழுதினால், சொந்தச் செய்தி கெடாமல் வரும். இலக்கணப் பிழையைத் திருத்த ஆங்கிலத் துறை ஆசிரியர் ஒருவரின் உதவியைக் கேட்கலாம்.

பரிந்துரைக் கடிதங்கள்

"நீயே எழுதிட்டு வாப்பா, நான் கையெழுத்துப் போடுறேன்" என்று பேராசிரியர் சொல்வது நம் கல்லூரிகளில் வழக்கம். வேலைப்பளு காரணமாகவே அவர் அப்படிச் சொல்கிறார். ஆனால் மூன்று கடிதங்களும் ஒரே மாணவரின் நடையில் இருந்தால் படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். இதற்கு நடைமுறையில் ஒரு வழி உண்டு. அந்த ஆசிரியரிடம் நீங்கள் படித்த பாடங்கள், எடுத்த மதிப்பெண், அவர் மேற்பார்வையில் செய்த வேலை, அதில் ஏற்பட்ட சிக்கல், நீங்கள் கண்ட தீர்வு ஆகியவற்றை ஒரே பக்கத்தில் குறிப்புகளாக எழுதிக் கொடுத்து, "சார், உங்களுக்குச் சிரமம் இல்லாமல் விவரங்களை எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன், உங்கள் வார்த்தையில் இரண்டு பத்தி எழுதிக் கொடுத்தால் போதும்" என்று கேளுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் மறுக்க மாட்டார்கள். துறைத்தலைவர் என்ற பதவிக்காக உங்களை அறியாத ஒருவரிடம் கேட்பதைவிட, ப்ராஜெக்ட்டில் உங்களோடு உட்கார்ந்த உதவிப் பேராசிரியரிடம் கேட்பதே மேல்.

பல்கலைக்கழகங்கள் பரிந்துரைப்பவருக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்பும். அது கல்லூரியின் பெயரில் உள்ள முகவரியாக இருக்க வேண்டும் என்று பல இடங்களில் கேட்கிறார்கள், நம் ஆசிரியர்களில் பலர் ஜிமெயிலையே பயன்படுத்துகிறார்கள். கல்லூரி முகவரி ஒன்றைச் செயல்பாட்டில் வைத்துக்கொள்ளும்படி மரியாதையாக முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கடைசித் தேதிக்கு மூன்று வாரம் முன்பு ஒருமுறை, ஒரு வாரம் முன்பு ஒருமுறை நேரில் போய் நினைவூட்டுங்கள்.

பணமும் கடனும்

ஜெர்மனி விசாவுக்கு, ஓராண்டு வாழ்க்கைச் செலவை பிளாக்டு அக்கவுண்ட் எனப்படும் முடக்கக் கணக்கில் முன்கூட்டியே போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அந்தத் தொகை 11,904 யூரோ, ரூபாயில் 12 லட்சத்தை ஒட்டி வரும். அங்கே போன பிறகு மாதம் 992 யூரோ வீதம் அது உங்களுக்கே திரும்பக் கிடைக்கும். அமெரிக்காவுக்கு, விசா எடுப்பதற்காகப் பல்கலைக்கழகம் வழங்கும் ஐ-20 படிவத்தில் குறிப்பிட்டிருக்கும் முதலாண்டு மொத்தச் செலவுக்கு ஈடான பணத்தைக் காட்ட வேண்டும். அனுமதிக்கப்பட்ட கல்விக் கடனையும் இதற்குக் காட்டலாம்.

கடனுக்கு வங்கியை அணுகும்போது நெல்லைக் குடும்பங்கள் எதிர்பாராமல் மோதிக்கொள்ளும் சுவர் ஒன்று உண்டு. காரும் பிசானமும் விளையும் நஞ்சை இருக்கிறதே, அதை வைத்துக் கடன் வாங்கிவிடலாம் என்று அப்பா நம்பிக்கொண்டிருப்பார். வங்கிகள் பெரும்பாலும் விவசாய நிலத்தைக் கல்விக் கடனுக்கு ஈடாக ஏற்பதில்லை. கடன் தவறினால் ஈட்டுச் சொத்தை வங்கியே கையகப்படுத்த வழிசெய்யும் சர்ஃபாசி சட்டம், தன் 31-ஆவது பிரிவில் விவசாய நிலத்துக்கு விலக்கு அளித்திருப்பது இதற்கு முக்கியக் காரணம். ஆகவே வீடு, அங்கீகரிக்கப்பட்ட மனை, நிரந்தர வைப்புத்தொகை ஆகியவற்றையே கேட்பார்கள். வீடு இருந்தாலும் பத்திரம் தாத்தா பெயரில், பட்டா கூட்டுப் பட்டாவாக, பெரியப்பா வெளியூரில் என்ற நிலை சகஜம். வாரிசுச் சான்று, பாகப்பிரிவினைப் பத்திரம், தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, தனிப்பட்டா எல்லாம் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். அதன்பிறகு வங்கியின் வழக்கறிஞர் கருத்தும் மதிப்பீட்டாளர் அறிக்கையும் வர வேண்டும். ஆகவே சேர்க்கைக் கடிதம் வந்த பிறகு பத்திரத்தைத் தேடாமல், விண்ணப்பிக்கும் மாதத்திலேயே அந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

ஈடே இல்லாமல் கடன் தரும் நிதி நிறுவனங்களும் இருக்கின்றன. அவற்றின் வட்டி அரசு வங்கிகளைவிடப் பொதுவாகக் கூடுதல், சில படிக்கும் காலத்திலேயே வட்டியைக் கட்டச் சொல்லும். ஒப்பந்தத்தில் வட்டி மாறக்கூடியதா, எப்போது கட்டத் தொடங்க வேண்டும், முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். வெளிநாட்டுக்கு அனுப்பும் பணம் ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டும்போது வங்கி டிசிஎஸ் என்ற வரியைப் பிடிக்கும். அங்கீகரிக்கப்பட்ட நிதி நிறுவனத்தின் கல்விக் கடனிலிருந்து போகும் தொகைக்கு 2025 ஏப்ரல் முதல் அந்தப் பிடித்தம் இல்லை.

ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடும்பத்து மாணவர்களுக்குத் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டமும், ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகைத் திட்டமும் இருக்கின்றன. சாதிச் சான்று, வருமானச் சான்று ஆகியவற்றை முன்கூட்டியே புதுப்பித்து வைத்துக்கொண்டு, அறிவிப்பு வரும் நேரத்தைத் தவறவிடாமல் மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்திலுள்ள நலத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டே இருங்கள்.

இல்லாத வேலை அனுபவத்துக்குச் சான்று தயாரிப்பது, சில நாளுக்கு வங்கிக் கணக்கில் பணத்தை நிரப்பிக் காட்டுவது போன்ற யோசனைகளை யார் சொன்னாலும் அவரை விட்டு விலகிவிடுங்கள். பொய்யான தகவல் கொடுத்தது தெரியவந்தால் அமெரிக்கா நிரந்தரமாகவே நுழைவை மறுக்கலாம்.

சேர்க்கைக் கடிதம் வந்த பிறகு

அமெரிக்காவில் உதவித்தொகையோடு இடம் தரும் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை, ஏப்ரல் 15-க்கு முன் பதில் சொல்லும்படி மாணவரைக் கட்டாயப்படுத்துவதில்லை என்று தங்களுக்குள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. ஆகவே முதலில் வந்த கடிதத்துக்கு அவசரப்பட்டு ஒப்புதல் சொல்லாமல் மற்ற முடிவுகளுக்கும் காத்திருக்கலாம். முடிவு செய்ததும் மற்றவற்றை மறுத்துக் கடிதம் எழுதிவிடுங்கள், காத்திருப்போர் பட்டியலில் உள்ள வேறொரு மாணவருக்கு அந்த இடம் போகும்.

ஐ-20 கைக்கு வந்ததும், வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான 350 டாலர் செவிஸ் கட்டணமும் 185 டாலர் விசா விண்ணப்பக் கட்டணமும் கட்டி, டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தை நிரப்பி, சென்னையில் நேர்காணலுக்குத் தேதி எடுக்க வேண்டும். கைரேகை ஒரு நாள், நேர்காணல் இன்னொரு நாள் என்று அமையலாம் என்பதால், நெல்லை எக்ஸ்பிரஸில் போய்வர டிக்கெட் எடுக்கும்போது சென்னையில் ஓர் இரவு தங்குவதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். நேர்காணலில் ஏன் இந்தப் படிப்பு, யார் செலவு செய்கிறார்கள், படித்து முடித்து என்ன செய்வீர்கள் என்ற மூன்றையும் சுற்றியே பெரும்பாலும் கேள்வி வரும். மனப்பாடம் செய்யாமல், நோக்கக் கட்டுரையில் எழுதியதையே நேராகச் சொல்லுங்கள். விசா விதிகளும் கட்டணங்களும் அடிக்கடி மாறுகின்றன. பணம் கட்டும் அன்று அந்தந்த நாட்டுத் தூதரகத்தின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிட்டே கட்ட வேண்டும், வாட்ஸ்அப் குழுவில் சீனியர் சொன்னதைக் கொண்டு கட்டக் கூடாது.

கிளம்புவதற்கு முன் எல்லாச் சான்றிதழ்களின் நகலையும் ஒரு கோப்பில் வைத்து வீட்டில் கொடுத்துவிடுங்கள். கடனின் இரண்டாம் தவணையை விடுவிக்க, வங்கி முதல் செமஸ்டர் மதிப்பெண்ணையும் அடுத்த செமஸ்டர் கட்டண விவரத்தையும் கேட்கும். இவற்றை எந்த மின்னஞ்சலுக்கு அனுப்ப வேண்டும், விடுவிப்புப் படிவத்தில் அப்பா மட்டும் கையெழுத்திட்டால் போதுமா, இல்லையென்றால் அவருக்குப் பவர் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டுமா என்பதைக் கிளை மேலாளரிடம் நேரில் கேட்டு, அவர் சொன்னதை அப்பாவின் கைபேசியிலும் பதிந்து வைத்துவிட்டுப் புறப்படுங்கள்.